சீன லைட்டருக்கு முழுத் தடை ஏன் இல்லை?

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற அண்ணாச்சிக்கு: சீன லைட்டரை அரசு ஏன் ஒரேயடியாகத் தடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான ஆத்திரம்தான்.

நாமே போட்ட கையெழுத்துதான் கையைக் கட்டுகிறது. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி வரி போடலாம். தடை போடுவது கஷ்டம். அமெரிக்கா அங்கே தொடுத்த வழக்கில் 1999-இல் தோற்றுத்தான், ‘இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம்’ என்று மிச்சமிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை 2001 ஏப்ரலில் இந்தியா எடுத்தது. அந்த டிசம்பரிலேயே சீனாவும் உறுப்பினராகிவிட்டது.

அதற்காக அரசு செத்துப்போய்விடவில்லை. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. அப்புறம் உதிரிபாகமாக வர, 2024 அக்டோபரில் அதற்கும் தடை.

மனுவில் ‘முழுத் தடை’ என்று எழுதாதீர்கள். துறைமுகத்தில் விலையைக் கூட்டிக் காட்டி 20-ஐத் தாண்டவைக்கிறார்களா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதை உலக வர்த்தக அமைப்பின் தலைமையகமான ஜெனீவாவில் எதிர்ப்பது கஷ்டம்.