வீட்டுக்காரம்மாவின் வைஃபையும் உங்கள் மடிக்கணினியும்

அன்புத் தங்கைக்கு,

ஈப்போவிலிருந்து குன்னூருக்கு வந்து இரண்டு மாதம், பெட்போர்டு பக்கம் ஒரு மாடியறை, வீட்டுக்காரர் குடும்பத்துக்கும் நான்கு வாடகைதாரர்களுக்கும் சேர்த்து ஒரே வைஃபை. "என் மடிக்கணினியையும் கைபேசியையும் எப்படிப் பாதுகாப்பது? இதைக் கேட்டால் வீட்டுக்காரம்மா மனம் கோணுவாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்கிலிருந்து கோத்தகிரிக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது கேள்விதான் அன்று என் வாயையும் கட்டிப்போட்டது.

வந்த புதிதில் அரவேனுவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். அவர்கள் வீட்டில் ரசம் கொதித்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அப்படிப்பட்டவர்களிடம் பாதுகாப்பு பற்றிப் பேசுவது சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆறாம் மாதம், மேல்வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவன் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, உங்கள் பாஸ்போர்ட் என் கணினியில் திறக்கிறது" என்றான். கடப்பிதழ் நகல், விசா தாள்கள், அம்மாவின் மருத்துவ அறிக்கை எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தன. முதல் நாள் வைஃபையில் இணைந்தபோது கணினி கேட்ட கேள்விக்கு 'வீடு' என்று பதில் சொல்லியிருந்தேன். கோப்புறைப் பகிர்வுக்குக் கடவுச்சொல்லும் வைக்கவில்லை. நல்ல பிள்ளை, வந்து சொன்னான். அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இன்றைக்கே இவற்றைச் செய்யுங்கள். விண்டோஸ் என்றால் அந்த வைஃபையை 'பப்ளிக்' என்று மாற்றுங்கள். 'இது பொது இடம், என்னை மற்றக் கருவிகளுக்குக் காட்டாதே' என்று கணினிக்குச் சொல்வதுதான் அது. கோப்புப் பகிர்வையும் நிறுத்திவிடுங்கள். ஐபோன் இருந்தால், பக்கத்திலுள்ள கருவிகளுக்குக் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வசதியைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து ரௌட்டர், அதாவது வைஃபையைப் பரப்பும் பெட்டி. இந்த மலையில் அதற்கென்று ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்சாரமும் கேபிளும் போகும். பழுது பார்க்க வருபவர் புது ரௌட்டரை மாட்டி, வீட்டுக்காரரின் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போவார். பிறகு மே மாத சீசன். கீழறையில் தங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் அதே கடவுச்சொல்தான். அது குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். இரண்டு சீசன் கழிந்தால் அதை எத்தனை பேர் அறிவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வைஃபைக்கும் ஒரு பூட்டு உண்டு. டபிள்யூ.பி.ஏ.2 என்ற வகைப் பூட்டுள்ள வைஃபையில் கடவுச்சொல் தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் நேரத்தில் ஒட்டுக்கேட்டால், வைஃபையின் பூட்டைத் திறந்துவிட முடியும். வங்கித் தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற தங்கள் சொந்தப் பூட்டையும் போட்டிருப்பதால் உள்ளே இருப்பது தெரியாது. அதனால்தான், 'இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை' என்று உலாவி எச்சரித்தால் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய வகை, வைஃபை பூட்டில் இருந்த இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. உங்கள் வீட்டு ரௌட்டரில் அது இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரம்மாவிடம் எப்படிப் பேசுவது? உங்கள் பயத்தைச் சொல்லாதீர்கள், அவருடைய பொறுப்பைச் சொல்லுங்கள். இணைப்பு அவர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் பூட்டில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அவர்தான் விசாரணைக்கு உள்ளானார். பிழைக்க வந்த ஊரில் அப்படி நிற்பது எவ்வளவு கொடுமை என்று நமக்குப் புரியும். இதை எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னதும், "அப்படியா கண்ணு, முதலிலேயே சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினோம். விருந்தினருக்கும் தொலைக்காட்சிக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை திறந்தோம். ரௌட்டரின் உள்ளே நுழையும் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. அதையும் மாற்ற வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எதற்கும் அவர் இசையவில்லை என்றால், 1,500 ரூபாய்க்குள் சொந்தமாக ஒரு சிறு ரௌட்டர் வாங்கி, அவர் ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து உங்கள் ரௌட்டரில் 'வான்' (WAN) என்று குறித்த, இணையம் உள்ளே வரும் துளையில் செருகுங்கள். மற்றவர்களின் கருவிகள் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அது ரௌட்டர் முறையில் இயங்க வேண்டும். அவர் வைஃபையை அப்படியே நீட்டித் தரும் 'அக்சஸ் பாயின்ட்' முறையில் போட்டால் தடுப்பே இல்லாமல் போகும்.

இன்னொன்று, மலேசியாவிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும். அங்கத்திய முன்கட்டண எண்ணுக்கு மறுநிரப்பு செய்யாமல் விட்டால் அது காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ அந்த எண்ணோடு கட்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய உதவி எண் அங்கே 997, இங்கே 1930; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ் ஏறி வாருங்கள், மடிக்கணினியும் கையோடு இருக்கட்டும். பகிர்வை நிறுத்துவதை நானே உட்கார்ந்து காட்டுகிறேன். மதியச் சாப்பாடு இங்கேதான்.