கணினி கேள்வி பதில்: பீப் ஒலி எதைச் சொல்கிறது?

கேள்வி: கணினியை இயக்கியதும் ஒரு நீண்ட பீப் ஒலியும் அதைத் தொடர்ந்து இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்கின்றன. மின்விசிறிகள் சுழல்கின்றன, திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பழுதாகிவிட்டது என்கிறார் நண்பர். புதியது வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மின்சாரம் வந்தவுடன், மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் (BIOS) வேலையைத் தொடங்கி ப்ராசசர், நினைவகம் (ராம்), வீடியோ என ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகிறது. திரை உயிர்பெறும் முன்பே கோளாறு தென்பட்டால் அதை எழுத்தில் காட்ட வழியில்லை என்பதால் ஒலியை நாடுகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்து ஏற்பாடு இது. சோதனை எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் ஒலி சொல்லும். அங்கே இருக்கும் பாகம் செத்துவிட்டது என்று சொல்லாது.

பயாஸைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்து ஒலியின் பொருள் மாறும். அவார்டு நிறுவன பயாஸில் நீங்கள் கேட்ட ஒலிக்கு வீடியோ கோளாறு என்றே பொருள். ஆனால் ஏஎம்ஐ பயாஸில் வீடியோ நினைவகக் கோளாற்றுக்கு எட்டுக் குறுகிய ஒலிகள் வரும். ஃபீனிக்ஸ் பயாஸோ 1-3-1-1 என்பதுபோல் இடைவெளி விட்டுக் கொத்துக்கொத்தாக ஒலிக்கும். ஆகவே உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பார்க்காமல் பொதுவான பட்டியலை நம்பி முடிவெடுக்கக் கூடாது. எண்ணும்போது தவறுவது எல்லோருக்கும் நேர்வதுதான் என்பதால், கைபேசியில் ஒலியைப் பதிவு செய்து நிதானமாக எண்ணுங்கள்.

பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். கனமான கார்டுகள் தம் எடையாலேயே ஒரு பக்கம் தொய்ந்து, ஸ்லாட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு மேலெழும்பிவிடுவதுண்டு. பார்வைக்குச் சரியாகப் பொருந்தியிருப்பதுபோலவே தெரியும். கார்டைக் கழற்றி, கொக்கி ‘டக்’ என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். கார்டுக்கெனத் தனி 6 பின் அல்லது 8 பின் மின் இணைப்பு இருந்தால் அதையும் சரிபாருங்கள். ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால், கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மானிட்டரை மதர்போர்டில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போது படம் வந்தால், சந்தேகம் கார்டு, அதன் ஸ்லாட், அதன் மின் இணைப்பு ஆகியவற்றுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: என் கணினியில் நீண்ட பீப் ஒலி நிற்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. ராமை ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்பது உண்மையா?

பதில்: பல நேரங்களில் உண்மைதான். இத்தகைய ஒலி பெரும்பாலும் நினைவகத்தையே குறிக்கும். பொன்முலாம் பூசிய தொடுமுனைகளில் படியும் அழுக்கே போதுமான காரணம். மென்மையான ரப்பரால் இலேசாகத் தேய்த்துத் துகள்களைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாளைத் தொடவே கூடாது. சரியாகாவிட்டால் ஒரே ஒரு ராமை மட்டும் பொருத்தி, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சோதியுங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தொல்லை என்றால் குற்றம் ராமினுடையது அன்று.

கேள்வி: ஒலியே வராவிட்டால்?

பதில்: முதலில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அது கிடையாது. அதற்கான 4 பின் இணைப்பு மட்டும் இருக்கும், சின்ன ஸ்பீக்கரை நாம்தான் செருக வேண்டும். சில போர்டுகளில் ஒலிக்குப் பதிலாக சிபியு (ப்ராசசர்), டிராம் (நினைவகம்), விஜிஏ (வீடியோ), பூட் (இயங்குதளத்தைத் தொடங்குதல்) எனக் குறித்த சிறு விளக்குகள் இருக்கும்; எரிந்தபடி நிற்கும் விளக்கே நின்ற இடத்தைக் காட்டும். ஸ்பீக்கர் இருந்தும் மௌனம் என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராம் முழுவதையும் கழற்றி, மீண்டும் இயக்குங்கள். இப்போது பீப் ஒலி கேட்டால், பயாஸை இயக்கும் அளவுக்கு ப்ராசசரும் மதர்போர்டும் உயிரோடு இருக்கின்றன. அப்போதும் மௌனமே நீடித்தால், பவர் சப்ளையையும் ப்ராசசருக்குப் போகும் தனி மின் இணைப்பையும் பார்த்த பிறகே மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.