நாஃப்பிளியோ: போய்வர ஒரு பகல் போதுமா?

கேள்வி: அலுவலக வேலையாக ஏதென்ஸ் போகிறேன். அம்மாவும் வருகிறார், வயது 66, மூட்டுவலி, சுத்த சைவம். இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். கடலோர ஊரான நாஃப்பிளியோவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம், ஒரு ராத்திரி தங்குங்கள். ஏதென்ஸின் கிஃபிசோஸ் நிலையத்திலிருந்து கேடெல் என்ற வெளியூர் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பினால், ஊரைச் சுற்ற உங்களுக்கு மிஞ்சுவது மத்தியானம்தான். கோடையில் இரண்டு மணிக்குக் கடைகளைச் சாத்திவிட்டு ஊரே படுத்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகுதான் எழும். சின்தாக்மா சதுக்கத்தின் பளிங்குத் தரையில் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். பாட்டி, தாத்தா, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாகக் கடலோரம் நடப்பார்கள். இந்த உலாவுக்கு 'வோல்டா' என்று பெயர். அம்மாவுக்கு இதுதான் பிடிக்கும், நடையும் சமதரையில்தான்.

பலமிதி கோட்டை 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெனிஸ்காரர்கள் 1711-ல் தொடங்கி 1714-ல் கட்டி முடித்தார்கள். மறுவருஷமே துருக்கியரிடம் பறிகொடுத்தார்கள். படிகள் 999 என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். மூட்டுவலிக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம். பின்பக்கம் வாசல்வரை சாலை உண்டு, டாக்சியில் போங்கள், காலையிலேயே. மேலே நிழல் குறைவு.

பழைய ஊருக்குள் புனித ஸ்பிரிதோன் தேவாலயம் சின்னதுதான், ஆனால் தவறவிடக் கூடாது. புதிய கிரேக்க நாட்டுக்கு அப்போது இந்த ஊர்தான் தலைநகர். அதன் முதல் ஆளுநர் கபோதிஸ்திரியாஸை 1831-ல் இந்த வாசலில்தான் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் குண்டு பட்ட இடத்தைக் கண்ணாடி போட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். 1834-ல் தலைநகர் ஏதென்ஸுக்குப் போய்விட்டது.

இனி சாப்பாடு. சைவம் என்று சொன்னால் கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் எங்கும் உண்டு. அதனால் 'லாதேரா' என்று கேளுங்கள்: ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறி வகைகள். பெரிய வெள்ளை பீன்ஸைத் தக்காளியோடு ஓவன் அடுப்பில் வேகவைத்த ஜிகான்டெஸ், கத்திரிக்காயும் உருளையும் சேர்ந்த ப்ரியாம், எலுமிச்சை பிழிந்த ஹோர்தா கீரை. நம் நாக்குக்குக் காரம் போதாது. ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வையுங்கள். அரிசி அடைத்த தக்காளியான யெமிஸ்தாவில் சில வீடுகளில் கொத்துக்கறியும் சேரும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 'நிஸ்திசிமோ' என்றால் விரத உணவு. பால், முட்டைகூடக் கிடையாது. ஆனால் ஏமாந்துவிடாதீர்கள்: ரத்தமில்லாதவை என்று கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அவர்கள் விரதத்தில் செல்லும்!

பெரியவர்கள் கையில் மணிமாலையை உருட்டுவதைப் பார்த்து அம்மா ஜபம் என்று நினைக்கலாம். அது 'கொம்போலோய்', வெறும் பொழுதுபோக்கு. அதற்கென்றே இங்கே ஒரு அருங்காட்சியகமும் உண்டு.

'நே' என்றால் ஆமாம். கேட்ட பண்டம் இல்லையென்றால் பரிமாறுகிறவர் மோவாயை உயர்த்தி நாக்கால் 'ச்' கொட்டுவார். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இல்லை என்கிறார், அவ்வளவுதான்.