60 வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஆறு பேர் சேர்ந்து எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளுக்கு வண்ணமடிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் பெயின்ட் கடைக்குக் கடைசியாகப் போங்கள். எல்லோரும் 60-ஐத் தாண்டியவர்கள், பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு வாங்குங்கள். கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும். ஏற்கெனவே அந்தக் கட்டடத்தை இடிக்கப் பட்டியலில் சேர்த்திருந்தால் உங்கள் உழைப்பு வீண். அது அங்கேதான் தெரியவரும்.

அடுத்தது, ஒரு காலை நேரம் முழுக்கச் சுவரையும் கூரையையும் பார்ப்பது. கூரை காங்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, சுவரில் விரல் நுனி நுழையும் அளவு விரிசல் இருந்தாலோ, அங்கே பட்டி (பள்ளம், விரிசலை நிரப்பும் வெள்ளை மாவுக் கலவை) வைத்து மறைக்கக் கூடாது. படம் எடுத்து, எழுத்து மூலம் ஒன்றியப் பொறியாளருக்குத் தெரிவித்துவிட்டு அந்த அறையை விட்டுவிடுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பலவீனமான சுவருக்குப் புது வண்ணம் அடித்தால், பார்ப்பவர்களுக்கு ஆபத்து தெரியாமல் போகும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைச் சுரண்டவோ துளை போடவோ வேண்டாம்.

இப்போது ஓதம், அதாவது சுவரில் ஊறி ஏறும் ஈரம். பள்ளி வேலைகளில் பாதி கெடுவது இதனால்தான். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிர்கிறதா? வெளியே போய் அதே இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மொட்டைமாடி மழைநீர்க் குழாய் உடைந்து சுவரோடு ஒழுகிக்கொண்டிருக்கும். அல்லது வருஷா வருஷம் மண் கொட்டி, வெளித்தரை வகுப்பறைத் தரையைவிட உயர்ந்திருக்கும். குழாயைச் சரிசெய்து, சுவரோரத்து மண்ணை வகுப்பறைத் தரைக்கு அரையடி கீழே வரும்படி வெட்டி, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். இது ஒரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாளுக்கும் ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் உள்ளே ‘வாட்டர்புரூஃப்’ பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். அடுத்த ஐப்பசி மழையில் பழைய கதைதான். ஓதம் அடித்த கீழ்ப்பகுதிக்கு எனாமலும் (பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட்) வேண்டாம், அது தோலாக உரியும். பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம் என்றால் சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. அது ஈரத்தை வெளியே விடும்.

சுரண்டுவதுதான் பெரிய வேலை. பழைய சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது மலிவான டிஸ்டெம்பர். அதன்மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) ஒட்டாது, ஒரு வருடத்தில் தகடு தகடாக வரும். பட்டி பிளேடால் கெட்டிப் பூச்சு தெரியும் வரை சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு. ஜன்னல், கதவில் இருக்கும் பழைய எனாமலை மட்டும் காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் தூசு குழந்தைகள் உட்காரும் தரையில் படியக் கூடாது. வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியால் வழித்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஜன்னல் கம்பியில் துரு போனதும் ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), காய்ந்த பிறகு எனாமல்.

அளவுக்கு வருவோம். 20-க்கு 20 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 800 சதுர அடி. கதவு ஜன்னல் போக சுமார் 700. பிரைமர் ஒரு கோட்டுக்கு 7 லிட்டர். எமல்ஷன் வாளியில் போட்டிருக்கும் பரப்பு, பட்டி போட்டு வழவழவென்று இருக்கும் சுவருக்கானது. பள்ளிச் சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 70, 75 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் ஓர் அறைக்கு 10 லிட்டர் வாளி ஒன்று போதும். பட்டி சுவர் முழுக்க வேண்டியதில்லை, பள்ளங்களுக்கு மட்டும் போதும். 40 கிலோ மூட்டை ஒன்றில் இரண்டு அறையையும் முடிக்கலாம். இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவே கலக்குங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் பிறகு பொடியாக உதிரும். கரும்பலகைக்கு அதற்கான மேட் பெயின்ட் இரண்டு கோட். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து ஒருமுறை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் எழுதிய எழுத்து நிழலாகவே நிற்கும்.

காலம்: மே மாதம்தான் சரி. காலாண்டு விடுமுறைக்கு நாள் போதாது. அரையாண்டு விடுமுறையில் மழையின் ஈரம் சுவரைவிட்டுப் போயிருக்காது. கத்திரி வெயில் என்பதால் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்கு முடித்துவிடுங்கள். வெயில் படும் சுவரில் பட்டி வைக்குமுன் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெடிக்கும்.

யாரும் ஏணி ஏறக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அண்ணாந்து நின்று வேலை செய்தால் தலை சுற்றலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்தால் சின்ன அடியும் பெரிதாகும். கூரைக்கும் ஆறடிக்கு மேலுள்ள சுவருக்கும் இரண்டு பெயின்டர்களைச் சாரம் கட்டச் சொல்லிக் கூலிக்கு வையுங்கள். கீழ்ச் சுவர், ஜன்னல், பெஞ்சு, கரும்பலகை உங்களுடையது. சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நிற்க வேண்டாம், பெயர்ந்த பூச்சுத் துண்டு குத்தினால் சட்டென்று தெரியாது. சுரண்டும்போது எல்லோருக்கும் முகக்கவசமும் கண்ணாடியும். கேலி செய்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவருக்கும்தான்.

மிஞ்சிய பெயின்டை மூடி இறுக்கி, கடைக்காரர் கொடுத்த வண்ண எண்ணை டப்பாமேல் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆணி அடித்த இடத்தைச் சரிசெய்ய அவர்களுக்கு உதவும்.