ஆவி விளையாட்டு, பேய்ப்படம்: மகளைத் தடுக்கலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், விடுதியில் தோழிகளோடு சேர்ந்து எழுத்துகள் எழுதிய தாளில் காசை வைத்து ஆவியைக் கூப்பிட்டிருக்கிறாள். காசு தானாக நகர்ந்ததாம். லீவுக்கு வந்தவள் லைட்டை அணைக்கவே விடமாட்டேன் என்கிறாள். ஆனால் பகலெல்லாம் போனில் பேய்ப்படம்! பயந்தால் ஏன் பார்க்க வேண்டும்? மந்திரிக்க அழைத்துப் போகலாமா?

பதில்: பயமும் ஆசையும் ஒன்றாகத்தான் இருக்கும். திடுக்கிடும் காட்சி வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. நமக்கு ஒன்றும் ஆகாது என்பதும் கூடவே தெரிகிறது. அதனால் படபடப்பு அடங்கும்போது ஒரு தெம்பு வருகிறது. மறுபடி பார்க்க வைப்பது அந்தத் தெம்புதான். இந்த வயதில் தோழிகளிடம் காட்டும் வீம்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் இதற்கும் அளவு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேய்வீட்டுக் காட்சிக்குப் போன 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் ரொம்பக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, ரொம்பக் கூடினாலும் ரசிக்கவில்லை. படத்தில் உங்கள் மகள் அந்த நடு அளவில் இருக்கிறாள், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். காசு விஷயத்தில்தான் அளவு தாண்டிவிட்டது, அதைக் கதை என்று அவள் நினைக்கவில்லை. எனவே முதலில் காசைக் கவனியுங்கள்.

காசை நகர்த்தியது, அதன்மேல் வைத்திருந்த அவர்கள் விரல்களே. யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு இருந்தால் தசை நமக்கே தெரியாமல் அசையும். 1852-இல் வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கினார். மறுவருடம் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சோதித்தே பார்த்தார். அப்போது இங்கிலாந்தில், மேசையில் கைவைத்து ஆவியை அழைப்பது பெரிய மோகம். ஃபாரடே, அப்படிக் கைவைத்தவர்களின் கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை இளகிய பசையால் ஒட்டி அடுக்கினார். மேசைதான் கையை இழுக்கிறதென்றால் அடி அட்டை முந்த வேண்டும். முந்தியது மேல் அட்டை! பிறகு, கை தள்ளினால் அசையும் முள் ஒன்றை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். தாங்கள் தள்ளுவது கண்ணுக்குத் தெரிந்ததும் மேசை நகரவே இல்லை.

அவள் சம்மதித்தால், பகலில், வீட்டிலேயே செய்து பாருங்கள். விரல் வைக்கும் எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டு, தாளை வேறு திசைக்குத் திருப்பி வையுங்கள். வரும் எழுத்துகள் சொல்லாகச் சேராது.

மந்திரிக்க வேண்டாம். விபூதி பூசுவது நிம்மதி தந்தால் பூசிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் "காத்துக்கருப்பு பட்டிருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டால், அவள் பயத்துக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். லைட் எரியட்டும், கேலி வேண்டாம். படம் பார்ப்பதை மாலையோடு நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, விடுதிக்குத் திரும்ப மறுத்தாலோ, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.