கேள்வி பதில்: ‘கானகர்’ அவ்வளவு மெதுவான படமா?

சென்ற இதழில் ‘கானகர்’ என்ற வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படத்தைப் பாருங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். லூயி லமூர் எழுதிய நாவலை வைத்து, 1991-இல் அமெரிக்காவின் டிஎன்டி கேபிள் சேனலுக்காக எடுத்த டெலிவிஷன் படம். கானகர் என்ற கௌபாயாக சாம் எலியட்டும், ஈவி என்ற பெண்ணாகக் காதரின் ராஸும் நடித்தது. பார்த்த வாசகர்களில் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் என்மேல் கொலைவெறியில் இருக்கிறார்கள். சரி, இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கே: டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். இந்தப் படத்தில் ஒரு அம்மா தண்ணீர் எடுக்கிறாள், சமைக்கிறாள், வாசலையே பார்க்கிறாள். இதுவா கௌபாய் படம்?

ப: டெக்ஸ் எனக்கும் பிடிக்கும். அவர் ஒரு ஊருக்குள் நுழைந்தால் பத்துப் பக்கத்துக்குள் யாராவது கீழே குனிந்து தன் பல்லைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால் ‘கானகர்’ கொட்டாவிதான்.

ஆனால் ஆரம்பத்திலேயே நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஈவியின் கணவன் மாடு வாங்கக் கிளம்பிப் போகிறான். வழியில் குதிரை அவன்மேல் விழுந்து, யாருமில்லாத இடத்தில் செத்துப்போகிறான். இது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவள் வாசலைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், அவன் வரப்போவதில்லை என்பது தெரிந்துகொண்டே நாமும் கூட உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. கூட இருக்கிற இரண்டு பிள்ளைகளும் அவள் பெற்றதில்லை, அவனுடைய மூத்த தாரத்துப் பிள்ளைகள். விட்டுவிட்டுப் போய்விட அவளுக்குக் காரணம் இருக்கிறது, போகவில்லை. குதிரைக் கோச் வண்டியில் வருகிற பயணிகளுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை ஓட்டுகிறாள். எனக்கு இது போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் அதில் தப்பொன்றும் இல்லை.

கே: கிழட்டு முதலாளியின் மாடுகளுக்காகத் திருட்டுக் கும்பலோடு மோதி உடம்பெல்லாம் காயப்பட வேண்டுமா? கானகர் கூலிக்காரன்தானே, வேறு பண்ணையே கிடைக்காதா?

ப: கிடைக்கும். அந்த வட்டாரத்தில் கூலிக்கு வருகிற கௌபாய் ஒரு சீசன் இங்கே, ஒரு சீசன் அங்கே என்று சுற்றுகிறவன்தான். ஆனால் யாரிடம் சம்பளம் வாங்குகிறானோ, அந்தப் பண்ணையின் மாட்டுக்கு ஒன்றென்றால் நிற்க வேண்டும் என்பது லமூர் கதைகளில் எழுதாத சட்டம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகாது. அந்தக் கிழவராக நடித்தவர் கென் கர்டிஸ், ‘கன்ஸ்மோக்’ என்ற வெஸ்டர்ன் டிவி தொடரில் ஃபெஸ்டஸாகப் பல வருஷம் வந்தவர். ‘கானகர்’ ஒளிபரப்பாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், 1991 ஏப்ரலில் இறந்துபோனார்.

கே: உருளும் முள்செடியில் கடிதம் கட்டிவிடுவதெல்லாம் ஓவர் இல்லையா?

ப: ஓவர்தான், ஆனால் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். அனுப்ப ஆளில்லாதவள் தன் தனிமையைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காற்றில் உருளுகிற செடியில் கட்டிவிடுகிறாள். எங்கோ மாடு மேய்க்கிறவன் வேலியோரம் அதை எடுத்துப் படிக்கிறான், எழுதியது யார் என்றே தெரியாமல் பைத்தியமாகிறான். யார் கையில் கிடைக்கும் என்று நினைத்து அவள் எழுதவே இல்லை, அதனால்தான் அந்த வரிகளில் நடிப்பு இல்லை.

நம்ப முடியவில்லை என்று வாதாட ஆசைப்பட்டால் வேறொரு இடத்தில் பிடியுங்கள். வெஸ்டர்ன் படங்களில் தவறாமல் உருண்டு வருகிற அந்தச் செடி பெரும்பாலும் ருஷ்ய முள்செடி. 1870-களில் ருஷ்யாவிலிருந்து வந்த ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவில் முளைத்து, பிறகுதான் மேற்கெல்லாம் பரவியது. ஆக, பழைய மேற்கின் அடையாளம் என்று நாம் நினைப்பதே வந்தேறிதான்.

கே: டிவி படம்தானே, அதற்கு இவ்வளவு தூக்கல் எதற்கு?

ப: டிவிக்கு எடுத்ததால்தான் இப்படி எடுக்க முடிந்தது என்பது என் கட்சி. தியேட்டருக்கு என்றால் நடுவில் ஒரு பெரிய ரயில் கொள்ளையாவது கேட்டிருப்பார்கள். இங்கே குறைந்த பட்ஜெட், நாலைந்து முகங்கள், ஒரு மரவீடு, சுற்றிலும் கொலராடோவின் வெட்டவெளி. இயக்கிய ரெய்னால்டோ வில்லலோபோஸ் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், அதனால் அந்த வெளியைப் பேசவிட்டிருக்கிறார். விளம்பர இடைவேளைக்காகக் காட்சிகள் சட்டென்று முடிகிற குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இசையும் சில இடங்களில் அழு அழு என்று நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது.

கே: அப்பாச்சி பூர்வகுடிகளைக் காட்டியிருக்கும் விதம் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ப: நீங்கள் பேசியது நல்லதாகப் போயிற்று. படத்தின் பலவீனமான பகுதி அது. தனிமையில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய படம், அவள் வீட்டைத் தாக்க வருகிறவர்களுக்கு ஒரு முகம்கூடத் தரவில்லை. வருகிறார்கள், சுடுகிறார்கள், போகிறார்கள். பழைய மரபு அப்படி என்று சமாளிக்கலாம். ஆனால் அதே 1991-இல்தான் பூர்வகுடிகளை மனிதர்களாகக் காட்ட முயன்ற ‘டான்சஸ் வித் வுல்வ்ஸ்’ ஏழு ஆஸ்கார் வாங்கியது. அந்தச் சாக்கு அப்போதே பழசாகிவிட்டது.

கே: ஜோடிப் பொருத்தம் பிரமாதம். நிஜத்திலும் காதலர்களா?

ப: கணவன் மனைவி, 1984-இல் கல்யாணம். திரைக்கதையிலும் இருவருக்கும் பங்கு உண்டு. எலியட்டுக்கு நாற்பத்தாறு, ராஸுக்கு ஐம்பத்தொன்று என்ற வயதில் வெளிவந்த காதல் கதை. அந்த முகங்களில் வெயில் பட்டது தெரிகிறது, இளசுகளைப் போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

கே: அடுத்து எதைப் பார்க்கலாம்?

ப: சண்டை வேண்டும் என்கிறவர்கள் டாம் செல்லக் நடித்த ‘க்ராஸ்ஃபயர் ட்ரெயில்’ பாருங்கள். அதுவும் லமூர் கதை, அதுவும் டிஎன்டி, 2001-இல் வந்தது. இறந்துபோன நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒருவன் வயோமிங் போகிற கதை. ‘கானகர்’ பிடித்துப்போனவர்கள் 1989-இல் சிபிஎஸ் சேனல் நான்கு பாகமாக ஒளிபரப்பிய ‘லோன்சம் டவ்’ தொடரை எடுங்கள். ராபர்ட் டுவாலும் டாமி லீ ஜோன்ஸும் டெக்சாஸிலிருந்து மொண்டானா வரை மாடு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அது ‘கானக’ரைவிடப் பல மணி நேரம் நீளம், மெதுவாக இருக்கிறது என்று மறுபடி எனக்குக் கடிதம் எழுதக் கூடாது.