பிளேட் வைத்த எலும்பில் சீழ் பிடிக்காமல் இருக்க: வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவரின் பதில்கள்

ஏற்காடு மலைப்பாதையில் பைக் சறுக்கி, தம்பிக்குக் கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. ஆபரேஷனில் வெள்ளை மணிகள் வைத்தார்களாம். இப்போது தையலோரம் தண்ணீராகக் கசிகிறது. சீழா?

அவை கால்சியம் சல்பேட் மணிகளாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கலந்து வைப்பார்கள்; நாலு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையும்போது இப்படிக் கசிவது உண்டு. அதற்காக வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள், ஆபரேஷன் செய்தவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், நாற்றம், சிவந்த வீக்கம் இருந்தால் அன்றைக்கே போங்கள். எலும்பு சிமென்ட் மணியென்றால் கரையாது, பிறகு எடுத்தாக வேண்டும்.

நாங்கள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, பிளேட்டுக்கு வெள்ளி பூசினால் என்ன?

பூசிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொல்வது ஈரத்தில் பிரிந்து வரும் வெள்ளி அயனி. அளவு கூடினால் எலும்பு செல்லும் சேர்ந்து சாகும், அங்கேதான் சிக்கல்.

பயோடெக் படிக்கிறேன். கிருமியைத் தடுக்கும் இந்த மணி, பூச்சு போன்ற பொருள்களை எப்படிச் சோதிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. முதலில் தட்டில் வளர்த்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் பாஸாவது பெரிய விஷயமில்லை. அப்புறம் பொருளைத் திரவத்தில் போட்டு, தினமும் திரவத்தை மாற்றி, எவ்வளவு மருந்து வெளிவருகிறது என்று அளப்பார்கள். முதல் சில நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் துளித்துளியாகக் கசிந்தால் ஆபத்து: சாகாத அளவு மருந்தில் கிருமி பழகி, எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும்.

உலோகத்தில் ஒட்டிய கிருமி தன்னைச் சுற்றி ஒரு பிசின் படலம் போட்டுக்கொள்ளும். அதற்குள் மருந்தின் வேலை சரியாக நடக்காது. அதனால் படலம் உருவாகவே விடாமல் தடுக்கிறதா என்பது தனிச் சோதனை. அதற்கும் பிறகு முயல், எலி. எலும்பை முறித்து, கிருமியும் வைத்து, கம்பி போடுவார்கள். சில வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்து, எலும்பை அரைத்துக் கிருமிக் காலனிகளை எண்ணுவார்கள். கிருமி குறைந்தால் மட்டும் போதாது, எலும்பு சேர்ந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பரீட்சை. பல பூச்சுகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் மனிதர்கள். அமெரிக்காவில் முழங்கால், கணுக்கால் பக்கத்து முறிவுகளில் காயத்துக்குள் 1000 மில்லிகிராம் வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பொடி தூவிப் பார்த்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவில், ஆழமான தொற்று 9.8 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் கிராம் நெகட்டிவ் என்ற இன்னொரு வகைக் கிருமிகளிடம் அது எடுபடவில்லை.

டைட்டானியம் போட்டால் தொற்றே வராதாமே?

வரும். விலையை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

ஆத்தூரில் இருக்கிறோம். தோல் கிழிந்த முறிவுக்கு முதலில் நாட்டுக்கட்டு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

வேண்டாம். மூடிய காயமென்றால்கூட நான் யோசிப்பேன், கிழிந்ததற்கு எண்ணெய், பச்சிலை எதுவும் கூடாது. சுத்தமான துணியால் மூடி 108ஐக் கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் ஊசியை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. அது தாமதமானால், பிறகு எந்த மணி வைத்தும் அந்த நேரத்தை ஈடுகட்டுவது கஷ்டம். சர்க்கரை இருந்தால் அங்கே போனதுமே சொல்லிவிடுங்கள்.